வாத்தின் முதுகும் மந்திரித்த ஜக்கெட்டும்

மாம்புரியில் என் தங்கையைக் கட்டியவர் எதற்கும் "ஓம்" என்று தலையாட்டுவார். சொன்னதைச் செய்யமாட்டார். கடலுக்குப் போகும்போது உயிர்காப்பு அங்கியை, அந்த ஜக்கெட்டை, போடுங்கள் என்று நானும் தங்கையும் சொல்லி அலுத்துவிட்டோம். "ஓம்" என்பார். அங்கி வள்ளத்தின் முன்பலகைக்குக் கீழே, பொலித்தீன் பையில், மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

போன வருடம், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில், அலை உடையும் இடத்தில் அவருடைய வள்ளம் கவிழ்ந்தது. பின்னால் வந்தவர்கள் தூக்கினார்கள். அன்று அடிபட்ட இடது தோள் இன்னும் முழுதாக உயராது. இன்னொரு முறை கவிழ்ந்தால் ஒரு கையால் நீந்தவேண்டும். தங்கைக்கு அதுதான் பயம்.

இந்தச் சோளகத்தில் ஒரு மத்தியானம், அவர் கடலுக்குப் புறப்படும்போது, தங்கையும் நிற்க, கரையில் வைத்து மறுபடி ஆரம்பித்தேன்.

"உங்களப் போல ஆளுக்கு இங்கிலிஷில ஒரு கதை இருக்கு மச்சான். தாரா முதுகில தண்ணி விழுந்த மாதிரி எண்டு."

"அது என்ன?"

பத்திரிகையில் வேலை செய்த பழக்கம், அது வந்த வழியையும் சொன்னேன். தாரா என்கிற வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகால் அந்த எண்ணெயை எடுத்து இறகெல்லாம் பூசிக்கொள்ளும். விழுகிற தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். எந்தப் பேச்சும் உறைக்காத ஆளைப் பற்றி ஆங்கிலேயர் அப்படிச் சொல்வார்கள்.

அவர் யோசித்தார். "தாரா ஜக்கெட் போடுறதில்லையே மச்சான்."

"தாரா நாள் முழுக்க மினக்கெட்டு எண்ணெய் பூசுது. நீங்க ஒரு கொளுக்கி மாட்டமாட்டீங்க."

"அது மந்திரிச்ச சாமான். வேர்வை படலாமா? வள்ளத்தில இருந்தாப் போதும்."

தங்கை வேறு பக்கம் பார்த்தாள். புது அங்கியைப் தேவாலயத்துப் பங்குச் சுவாமியிடம் கொண்டுபோய், ஜெபம் சொல்லி மந்திரித்து வாங்கியது அவள்தான். மந்திரித்தால் மதித்துப் போடுவார் என்று நினைத்தாள். அவர் மதித்தார், அதுதான் பிழையாய்ப் போனது.

அவள் வள்ளத்து எஞ்சினுக்கான மண்ணெண்ணெய்க் கேனின் மேல் போய் உட்கார்ந்தாள். "போட்டாத்தான் எழும்புவன்."

"தாரா இங்க அடையில கிடக்குது" என்றார் பக்கத்து வள்ளக்காரர். கரையே சிரித்தது. மச்சான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பையைப் பிரித்து அங்கியை மாட்டினார். அவள் எழுந்து கேனைக் கொடுத்தாள்.

வள்ளம் அலைகளில் ஏறி இறங்கி அமைதியான நீருக்குப் போனது. உடனே அங்கியின் செம்மஞ்சள் நிறம் உடம்பிலிருந்து கழன்று முன்பலகைக்குக் கீழே மறைந்தது.

"பாத்தியா?" என்றேன். "இவரோட கதைச்சு என்ன பிரயோசனம்?"

"அலை உடையிற இடம் தாண்டித்தானே அண்ணே கழட்டினார்" என்று சொல்லிவிட்டு, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.