கடைசிப் பாய்

கர்த்தருக்குள் இளைப்பாறும் எங்கள் அம்மா காட்டுப்பாக்கத்தில் பிறந்தவர்கள். நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டுமாம், தம்பி சொல்கிறான். நான் நடந்ததை எழுதுகிறேன். நல்லது எதுவென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி மண்ணூர்பேட்டைக்கு வந்தபோது அம்மா இந்து. பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். அப்பாவுக்கு லேத் வேலை. நாங்கள் இருவரும் பிறந்த பிறகுதான் அம்மா ஞானஸ்நானம் எடுத்தார்கள். அந்தச் சபையில் நகை, பூ, பொட்டு எதுவும் கூடாது. அப்பா சபைக்கு வந்ததில்லை. ஆனாலும் தாலியைக் கழற்றச் சம்மதித்தார். "கயித்துலயா கீது என் உசுரு? நீ நிம்மதியா ஜெபம் பண்ணு" என்றார். அவருடைய தங்கை, எங்கள் அத்தை, அன்றோடு எங்கள் வீட்டில் கை நனைப்பதை விட்டுவிட்டார்கள்.

அப்பா மஞ்சள் காமாலையில் போனார். "எங்கண்ணன் உசுரோட கீறப்பவே தாலி அறுத்தவ இவ" என்று அத்தை தெருவுக்கே கேட்கச் சொன்னார்கள். பத்தாம் நாள் காரியத்தில் அறுக்க ஏதாவது வேண்டுமே? புது மஞ்சள் கயிறு வாங்கி வந்து அம்மாவின் கழுத்தில் கட்டினார்கள். பூவும் பொட்டும் வைத்து, கை நிறைய கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். இரண்டு பெண்கள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். "வேணாம்மா, எனக்கு இதெல்லாம் இல்ல" என்று அம்மா சொல்லச் சொல்ல, கயிற்றை அறுத்து வளையல்களை அம்மிக்கல்லில் மோதி உடைத்தது அத்தைதான். கண்ணாடி மணிக்கட்டைக் கிழித்தது. அம்மா கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

சபைக்குச் செய்தி போனது. பாஸ்டர் வீட்டுக்கே வந்தார்.

"பொட்டு வெச்சு சடங்குல உக்காந்தீங்களாமே? சபை முன்னாடி எழுந்து நின்னு தப்புன்னு அறிக்கை பண்ணுங்க. அதுவரைக்கும் உங்களுக்குத் திருவிருந்து இல்ல."

"உக்கார வெச்சாங்க ஐயா. பண்ணாத பாவத்தப் பண்ணேன்னு ஆண்டவர் முன்னாடி எப்டி சொல்றது? அது பொய்யாச்சே."

ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அம்மா சொல்லவில்லை.

அதன்பின் ஞாயிறு தவறாமல் நடந்தே போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தார்கள். நானும் ஞானஸ்நானம் எடுத்தபின், திருவிருந்தின் அப்பமும் பாத்திரமும் அம்மாவைத் தாண்டி என்னிடம் வரும். எனக்கும் வேண்டாம் என்று ஒருநாள் முறுக்கிக்கொண்டேன். "வாங்கிக்கோடி. எனக்குத்தான் இல்ல, உனுக்கு இன்னா?" என்று தொடையில் கிள்ளினார்கள். வேறு சபைக்குப் போகலாமென்றால், "இது பாஸ்டரு ஊட்டு மேசையா, உட்டுட்டுப் போக? ஆண்டவரோடதாச்சே" என்பார்கள்.

கடைசியில், அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அப்பமும் பாத்திரமுமாக வந்தார் பாஸ்டர். "ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, இப்பவே குடுத்துடறேன்." அம்மாவின் கண் அந்தப் பாத்திரத்தை விட்டு அகலவில்லை. எத்தனை வருட ஆசை அது. ஆனாலும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். அவர் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அம்மா போய்விட்டார்கள்.

சவப்பெட்டி செய்து தந்தவர்களுக்கும், சென்னீர்குப்பத்திலிருந்து வந்து பாடியவர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் நன்றி. பாஸ்டருக்கும் நன்றி, அடக்க ஆராதனையில் அம்மாவை விசுவாசத்துக்கு முன்மாதிரி என்று புகழ்ந்தார்.

அத்தைக்கும் நன்றி. அம்மாவைக் குளிப்பாட்டியது அவர்கள்தான். மணிக்கட்டிலிருந்த தழும்பைத் தடவிப் பார்த்து, "பாவம், அண்ணிக்கு இது எப்போ பட்டுச்சு?" என்று என்னைக் கேட்டார்கள். நான் அடுத்த குடம் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. இதை யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.