இடப்பக்கப் பெட்டி

சுவிட்சைத் தட்டியதும் அந்த ஸ்டீரியோ ரிசீவர் பாடாது. முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு மட்டும் எரியும். கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகுதான் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளிலும் பாட்டு எழும்பும். அந்த டக்கைப் போடுவது ரிலே என்கிற, தீப்பெட்டியை விடச் சின்னச் சாமான். உள்ளே மின்சாரம் நிதானத்துக்கு வரும்வரை ஸ்பீக்கர்களை அண்டவிடாது. ஏதாவது கோளாறு என்றால் பட்டென்று இணைப்பை அறுத்து அவற்றைக் காப்பாற்றும். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். செத்த ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தவன். ரிலே வைத்த செட் ஒன்றை முதன்முதலாக என் மேஜையில் கொண்டுவந்து வைத்தவர் மேஸ்திரி அண்ணாச்சி.

அவருக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். வேலை எங்கள் ஊர் நூல் மில்லில். ஓடுகிற மிஷினின் பேரிங் மேல், ஸ்க்ரூ முடுக்குகிற திருப்புளியின் நுனியை ஊன்றி, பிடியை வலது காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த பேரிங் கைவிடப் போகிறது என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பாது என்பார்கள் மில்லில். "மெசின் எம்புட்டும் பேசும் தம்பி, நாமதான் செத்த வாய மூடிக்கிட்டு நிக்கணும்" என்பது அவர் வாக்கு. அதற்கு அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், ஒரு பதில் வைத்திருந்தார்: "மில்லுல இரும்பு முனங்குனா இவியளுக்குக் கேக்கும். வீட்ல பொண்டாட்டி கத்துனா கேக்காது." நாங்கள் சிரிப்போம். அண்ணாச்சியும் சிரிப்பார். அந்தக் காதின் மேல் அவருக்கு அவ்வளவு பெருமை.

ரிசீவர், சிங்கப்பூரில் இருந்த அவர் தம்பி பல வருஷம் வைத்திருந்து கொடுத்தது. பெரிய துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். சத்தத்தைக் குறைத்தால் இடப்பக்கப் பெட்டி பேசாமல் போகிறது, கூட்டினால் திரும்ப வருகிறது என்றார். அதனால் அவர் வீட்டில் எப்போதும் கூட்டியே வைத்திருந்தார்கள். கோவிலுக்கு ஸ்பீக்கர் குழாய் கட்டியதுபோல இருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் முனகினார்களாம். மூடியைத் திறந்து பார்த்தேன். ரிலேக்குள் தொட்டுத் தொட்டு விலகுகிற முனைகள் கரிபிடித்துக் கிடந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வெள்ளி முலாம் போய்விடும். பெட்ரோலில் நனைத்த அட்டைத் துண்டை நடுவில் விட்டு மெல்ல உருவினேன். கடை அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த என் பெட்டிகளில் இணைத்துப் போட்டுக் காட்டினேன். கேட்டார், தலையாட்டினார், கொண்டுபோனார்.

அடுத்த வாரமே துண்டு மூட்டையோடு நின்றார். எடப்பக்கம் வரவில்லை என்றார். மறுபடியும் பிரித்தேன், முனைகள் பளபளவென்றிருந்தன. எதற்கு வம்பு என்று மதுரைக்கு ஆள் அனுப்பி, கால் பொருந்துகிற புது ரிலே வாங்கி மாட்டினேன். கடையில் கேட்டபோது அவருக்கும் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் போய்விட்டதாம். கடையில் நின்றவர்கள் என்னையும் செட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேஸ்திரி அண்ணாச்சி வரவில்லை என்று சொன்னால் யார் இல்லை என்பது? என் காதுக்கு இரண்டு பக்கமும் கேட்டது. ஆனாலும் அவர் சொன்ன பிறகு, எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நானே நினைத்தேன். ஒரு ரிலேயைச் சரி பண்ணத் தெரியாதவன் என்ற பேச்சு பஜாரில் கிளம்பியது. டீக்கடைக்குப் போகக்கூட வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். மருமகன் வந்திருந்தார். சுவரோரம் இரண்டு மூலையிலும் பெட்டிகள். எதிரே நடுவில் அண்ணாச்சியின் நாற்காலி. நாதஸ்வரக் கேசட் ஒன்றைப் போட்டேன். டக் என்றது. பாட்டு வந்தது. "எடப்பக்கம் இல்ல" என்றார். ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்தேன். அப்போதும் அதே பெட்டியைத்தான் காட்டினார். குனிந்து அதன் துணியில் காதை வைத்தேன். நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. மருமகன் கட்டிலில் சாய்ந்தபடி சொன்னார்: "ஏன் மாமா, இவரு ரிப்பேர் பாக்காரா, இல்ல பொட்டிக்கு ஜோசியம் பாக்காரா? நாளைக்கு மதுரைக்கே கொண்டுபோயிருவோம்."

அந்த நேரம் மதினி அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்தார். அண்ணாச்சி நாற்காலியை அப்படியே அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பெட்டிகள் இப்போது அவர் முதுகுக்குப் பின்னால். காப்பியை ஆற்றிக்கொண்டே, "இந்தா, இப்ப அது வந்துட்டு. இது போயிட்டு" என்று திரும்பாமலே கையைக் காட்டினார். வந்துவிட்டது என்று காட்டியது, அதுவரை செத்துக் கிடந்ததாகச் சொன்ன பெட்டி.

எனக்கு விளங்கிவிட்டது. அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாட்டு அவருடைய வலப்பக்கம் மட்டுமே இருக்கும். கடையில் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. திருப்புளிக்கும் எப்போதும் வலது காதுதான். மில் இரைச்சல் இன்னொரு காதை எப்போது தின்று முடித்ததோ, அவருக்கே தெரியாது.

அந்த நொடியில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். என் கைவேலையில் குறை இல்லை, என் பெயர் தப்பித்தது என்று நெஞ்சுக்குள் ஒரு துள்ளல். சிரிப்பு உதட்டுக்கே வந்துவிட்டது. மருமகன் பார்த்துவிடுவாரே என்று சட்டெனக் குனிந்து, தரையில் கிடந்த ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

நிமிர்ந்தபோது அண்ணாச்சி காப்பியைக் கீழே வைத்திருந்தார். வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். எடுத்தார். மறுபடி பொத்தினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு மாப்ளே. எனக்குத்தான் எடக்காது அடைஞ்சு போச்சு" என்றார் அண்ணாச்சி. மில்லில் எந்த மிஷினைப் பற்றியும் சொல்கிற அதே குரல். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

என்னைப் பஸ் ஏற்றிவிட மெயின் ரோடு வரைக்கும் வந்தார். நடக்கும்போது தோளைத் தொட்டு என்னைத் தன் வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். "நீ எனக்கு முன்னாலயே கண்டுட்ட. மாப்ள அம்புட்டுப் பேசியும் என்னைக் காட்டிக் குடுக்காம தலையக் குனிஞ்சுக்கிட்ட பாரு. அது போதும்டே" என்றார். குனிந்தது சிரிப்பை மறைக்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மறுநாளே மில்லில் தன் காதைப் பற்றி அவரே சொல்லிவிட்டாராம். கூடவே என்னைப் பற்றியும். அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றுகிற கை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு ஆள் அனுப்பினார். தொண்ணூறுகளில் என் கடை பெரிதானது பாதி அந்தப் பேச்சால்தான்.

இப்போது அவருக்கு வலது காதும் மங்கிவிட்டது. போன பங்குனியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, சுற்றியிருந்த சொந்தக்காரர்களிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையை முதலிலிருந்து சொன்னார். நான் தலை குனிந்ததைச் சொல்லும்போது தானும் குனிந்து காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர் காதருகே வாயைக் கொண்டுபோய், "அது அப்படி இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"என்னடே?" என்றார்.

இன்னும் சத்தமாகச் சொன்னால்தான் அவருக்குக் கேட்கும். அவ்வளவு சத்தமாகச் சொன்னால் பந்தி முழுக்கக் கேட்கும். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சாப்பிடுங்க" என்று மட்டும் கையால் சைகை காட்டினேன். அதற்கும் அவர், "பாத்தியளா, இன்னிக்கும் தன்னப்பத்திப் பேசினா கூச்சப்படுதான்" என்றார்.