கிழக்குக் கிணற்றின் படிகள்

கிழக்கு வரப்பில் நின்றுகொண்டு என் வகுப்புத் தோழி "பதினொண்ணு!" என்று கத்துவாள். நான் எங்கள் கிணற்றடியில் இருந்தபடி அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, "எங்களுது ஒம்பது!" என்று திருப்பிக் கத்துவேன். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் வயல்காட்டில், எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை முழுக்க இப்படித்தான் விடிந்தது. கேட்டவர்கள் ஏதோ விளையாட்டு என்று நினைத்தார்கள். கிணற்றில் தண்ணீருக்கு மேலே எத்தனை கல்படிகள் தெரிகின்றன என்பதுதான் அந்தக் கணக்கு.

அறிவியல் டீச்சர் ஒன்பதாம் வகுப்பு விடுமுறைக்குக் கொடுத்த வேலை அது. 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லையே அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கேட்டோம். ஊரில் ஏதாவது ஒன்றைத் தினமும் கவனித்து எழுதி வரச் சொன்னார். காக்கைகளை எண்ணுகிறேன் என்று சொன்ன ஒருத்தி, முப்பது நாள் காக்கைகளையும் ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தாள். எனக்கோ எதையும் அரைகுறையாகச் செய்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தை அப்போது நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

வரப்பில் நின்று கத்துவாளே, அவளுடைய அப்பா பல வருஷம் எங்கள் வயலில் கூலிக்கு உழைத்தவர். எங்கள் நிலத்தை ஒட்டிக் கிழக்கே அரை ஏக்கர் வாங்கி, அவரும் அவர் மனைவியுமாகவே இறங்கிப் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினார்கள். எங்கள் கிணற்றில் மோட்டார் ஓடியது. அவர் இரவல் மாடு கட்டி இறைத்துக் கத்தரி போட்டிருந்தார். அந்தக் கத்தரியை நம்பித்தான் அவளைப் பத்தாம் வகுப்புக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டு வாசல்படியைத் தாண்டி அவள் வந்ததில்லை. வரப்பில் மட்டும் நாங்கள் சரிக்குச் சரி. உண்மையைச் சொன்னால், அவள்தான் என்னைவிடக் கெட்டிக்காரி. "மேக்க இருக்க கோயில் கெணத்தையும் சேத்து எண்ணுவோம் புள்ள. அப்பத்தான் வெயிலுல வத்துதா, உங்க மோட்டார்ல வத்துதான்னு தெரியும்" என்று சொன்னது அவள்தான்.

ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் மோட்டார் அரை நாள் ஓடினால், சாயங்காலத்துக்குள் அவள் கிணற்றில் இரண்டு படி இறங்கிவிடும். கரண்ட் இல்லாத நாட்களில் தண்ணீர் தானாக ஏறிவிடும். கோயில் கிணறு மட்டும் அசையவே இல்லை. அப்பாவிடம் காட்டினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மோட்டார் போடுவார் என்று நாங்கள் இருவரும் முழுசாக நம்பினோம். "இன்னைக்கே காட்டிரு புள்ள, உங்கப்பா நல்லவரு" என்றாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். "எம்புட்டு அழகா எழுதியிருக்கு எம்புள்ள!" என்று என் தலையைத் தடவினார். பிறகு கேட்டார்: "கெழக்குக் கெணறு மட்டுந்தான் எறங்குதா? மேக்க ஒண்ணும் இல்லையா?" ஆமாம் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

மறுவாரமே சைடு போர் போடுகிற ஆட்கள் எங்கள் கிணற்றுக்குள் இறங்கினார்கள். பக்கவாட்டில் துளை போட்டு ஊற்றை இழுக்கிற வேலை அது. எந்தத் திசையில் ஊற்று என்று சொல்ல, தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரை எல்லோரும் அழைத்து வருவார்கள். அப்பா அழைக்கவில்லை. என் நோட்டே அவருக்குப் போதும். கிழக்குச் சுவரில் துளை போட்டார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதி பயம். மீதி, அவ்வளவு தண்ணீரைப் பார்த்த சந்தோஷம். இதை எழுத இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அவள் கிணற்றில் அந்த வைகாசிக்குள் எல்லாப் படிகளும் தெரிந்துவிட்டன. கத்தரி காய்ந்தது. அவளுடைய அப்பா மறுபடி எங்கள் வயலுக்கே கூலிக்கு வந்தார். அவள் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. மதுரையில் ஒரு பஞ்சாலை வேலைக்குப் போய்விட்டாள்.

போன தை மாதம்தான் விசாரித்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தேன். மகன் வேலையில் இருக்கிறான். மருமகள் காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எங்கள் கிணறும் வற்றிக் குப்பைக் குழியாகி வெகு காலமாகிவிட்டது என்பதைச் சொன்னேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைக் கடைசியில் சொல்லிவிட்டேன். "எல்லாம் என் நோட்டால வந்த வினை. என்னைய மன்னிச்சிரு."

"நோட்டு உன்னுது. எங்க கெணத்த அளந்து சொன்னது நாந்தான புள்ள?" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "நாம அளந்தத எங்கப்பாட்ட நான் சொல்லவே இல்ல. எவனோ நீரோட்டம் பாக்குறவன் வந்து எங்க கெணத்தக் காட்டிக் குடுத்துட்டான்னு, சாகுற வரைக்கும் அவனையே வஞ்சுக்கிட்டு இருந்தாரு. நானும் பக்கத்துல ஒக்காந்து, ஆமாப்பா, ஆமாப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."