களம்பூரிலிருந்து வந்தவர் கேட்ட சைக்கிள்

எங்கள் வீட்டுத் தறிக்கு மேலே நாற்பது வருஷமாக ஒரு பந்தய சைக்கிள் தொங்கியது. பிரேக் கிடையாது, மணி கிடையாது, ஸ்டாண்டும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நடுவில் காலை நிறுத்தினால் ஆளையே தூக்கிப் போட்டுவிடும். கடையில் வாங்கியதல்ல. குழாயை அறுத்து, பற்றவைத்து, என் வீட்டுக்காரர் தன் கையால் செய்தது. அப்படித்தான் அவர் சொன்னார். பட்டு எடுக்க வருகிறவர்களிடம் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இருக்கட்டும். இந்தத் தெருவில் வேறு யார் வீட்டில் இப்படி ஒரு பொருள் இருந்தது?

அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து, போன தை மாதம் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல நெட்டை, நிலையில் குனிந்துதான் நுழைந்தார். கையில் ஒரு பை ஆப்பிள். முன்பின் தெரியாத ஆள் ஆப்பிளோடு வந்தால் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

“களம்பூர்ல இருந்து வரேங்கம்மா. அந்த ரேஸ் சைக்கிள ஒரு வாட்டி பாக்கணும்.”

“இங்க இருக்குதுன்னு யாரு சொன்னது?”

“எங்கப்பாங்க. அவர் செஞ்சதுதான் அது.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்டியா? நாளைக்கி வந்து இந்தத் தறியும் உங்க தாத்தா போட்டதுன்னு சொல்லுவீங்களா?”

மருமகள் சிரித்துவிட்டாள். “சும்மா பாக்கட்டும் அத்தே. தூக்கிகினா ஓடப் போறாரு?”

“ஓடறவன் சொல்லிட்டா ஓடுவான்?”

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அப்பா அரிசி மில்லில் ஃபிட்டராம். தன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்துகொண்டாராம். ஒரே ஒரு பந்தயத்துக்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் போனாராம். அந்த வருஷமே மில் பெல்ட்டில் அப்பாவுக்குக் கால் போய்விட்டது. பிறகு எதற்குக் கேட்பது என்று விட்டுவிட்டாராம்.

நன்றாகத்தான் கதை கட்டுகிறான் என்று நினைத்தேன். “உங்கப்பா என்னா ஒசரம்?” என்றேன்.

“என் ஒசரந்தாங்க.”

“இறக்கி ஏறுங்க, பாக்கலாம்.”

சீட்டை நாலு விரல் தூக்கி முடுக்கிவிட்டு, சுவரைப் பிடித்தபடி ஏறினார். அளவு ஜாக்கெட் வைத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. முட்டி எவ்வளவு மடங்க வேண்டுமோ அவ்வளவுதான் மடங்கியது.

என் வீட்டுக்காரர் என்னைவிட இரண்டு விரல்தான் உயரம். பந்தயத்துக்கு எடுக்கும்போது சீட்டை அடிவரைக்கும் இறக்கியும், இடுப்பை இப்படியும் அப்படியும் ஒடித்துத்தான் மிதிப்பார். பந்தயக்காரர்கள் அப்படித்தான் ஓட்டுவார்கள் என்று நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனக்கென்று செய்கிறவர் தனக்கு எட்டாமலா செய்வார்?

“உங்கப்பா இருக்காரா?”

“இருக்காருங்க. எழுந்து வர முடியாது.”

“அப்ப உங்க கையில தர மாட்டேன். நானே எடுத்துகினு வரேன்.”

மறுநாள் காலையில் ஒரு சின்ன லோடு வண்டியில் ஏற்றி, வழியெல்லாம் அதன்மேல் கை வைத்துக்கொண்டே போனேன். பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஹேண்டில் பாருக்குக் கீழே, குழாய்கள் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். “இந்த எடத்த மட்டும் அரம் போடாம வுட்டுட்டேன்” என்றார். நானும் தொட்டுப் பார்த்தேன். சொரசொரப்பாக இருந்தது. நாற்பது வருஷம் தூசு துடைத்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

மகனை வெளியே இருக்கச் சொன்னேன்.

“மெய்யச் சொல்லுங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு திருப்பித் தரேன்னு வாங்கிகினு வந்தாரா, இல்ல கேக்காமயே—”

“நாந்தாம்மா வெச்சிக்கோன்னு குடுத்தேன்.”

நான் கேட்டு முடிக்கக்கூட இல்லை. மகன் ஒரு பந்தயத்துக்கு என்கிறார், இவர் வெச்சிக்கோ என்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஜமாகவே கொடுத்ததென்றால் நான் அதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். வண்டியும் வாசலில்தான் நின்றது. சைக்கிளை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டிலோரம் சாய்த்துவிட்டு, வண்டிக்காரரைப் போகச் சொல்லி, நான் பஸ் ஏறினேன்.