ஒரு தடவை வெடி வைத்தோம் என்று சொன்ன நாள்

என் பெயர் செல்லம்மாள். ராசிபுரம் பக்கம் எங்கள் ஊர். நானும் என் வீட்டுக்காரர் பழனியப்பனும் கல் உடைப்பவர்கள். பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஊரை ஒட்டிய பாறைக் கரட்டில் ஒரு சின்னக் குவாரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தோம். காளியம்மன் எனக்குச் செய்ததை அவள் பிள்ளைகளான உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் அரசு உத்தரவு வந்தது. சின்னக் குவாரிகள் எதுவும் ஓடக்கூடாது, கிணறுகள் பாழாகின்றன என்றார்கள். எத்தனை நாளைக்கு என்று அதில் இல்லை. என் வீட்டுக்காரர் காலையில் எழுந்து தலையில் துண்டைக் கட்டுவார். பிறகு எங்கும் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அழுகைகூட வரவில்லை. சமைத்தேன், துவைத்தேன். சோற்றில் உப்பு இல்லை என்பது அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

சென்னையில் வழக்குப் போட்டோம். கையால் மட்டுமே உடைக்கிறோம், வெடி வைத்ததே இல்லை என்று மனுவில் எழுதியிருந்தது. படிக்கச் சொல்லிக் கேட்காமலே நானும் அதில் கைநாட்டு வைத்திருந்தேன். அது பொய். வடக்கு மூலையில் ஒரே ஒரு தடவை ஆள் கூட்டி வந்து வெடி வைத்தோம். அன்றைக்குத்தான் பக்கத்துத் தோட்டத்து ராமாயி அக்காவின் கிணற்றுச் சுவர் விரிசல் விட்டது.

மாசியில், குவாரியை நேரில் பார்க்க ஒரு பெண் வக்கீலை நீதிமன்றம் அனுப்பியது. அவர் வருவதற்கு முதல் நாள் எங்கள் தலைவர் பெரியசாமி அண்ணன் எல்லோரையும் கூட்டி, "வெடிப் பேச்சையே எடுக்காதீங்க சாமி. ஊடு பன்னண்டும் வீதிக்கு வந்துரும்" என்றார்.

விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். ஜெயிக்க வை என்று கேட்கத்தான் போனேன். வார்த்தை வரவில்லை. மரத்துப்போய் நின்றேன். "என்னமோ நீயே பாத்துக்க ஆத்தா" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வக்கீலம்மா வந்து பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க வெடி வெச்சதுண்டா?" என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஒருக்கா வெச்சமுங்க. அந்தா, அந்த வடக்கு மூலைலீங்க. பக்கத்துத் தோட்டத்து ராமாயிக்கா கெணறு அதனாலதாங்க போச்சு."

பெரியசாமி அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை. வீட்டுக்காரரும் பேசவில்லை. நானும் கவலைப்படவில்லை. கவலைப்படும் இடமே உள்ளே இல்லை.

வைகாசியில் தீர்ப்பு வந்தது. எங்களைக் கேட்காமல் மொத்தமாக நிறுத்தியது செல்லாது, கையால் உடைக்கலாம், வடக்கு மூலையைத் தொடக்கூடாது. தங்களுக்கு எதிரானதையும் இவர்களில் ஒரு பெண் மறைக்காமல் சொன்னார், அதனால் மற்றதையும் நம்பலாம் என்று அந்த வக்கீலம்மா அறிக்கையில் எழுதியிருந்தாராம். என் வீட்டுக்காரர் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து, "செல்லா, நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். பத்து மாதத்தில் அவர் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அப்போதுதான் அழுதேன். நின்றபடியே, வெகுநேரம்.

முதல் வாரம் உடைத்த கல் முழுவதையும் ராமாயி அக்கா கிணற்றுக்கே கொண்டுபோனோம். பன்னிரண்டு குடும்பமும் சேர்ந்து சுவரைக் கட்டிக்கொடுத்தோம். இப்போது எந்தத் தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்காமல் நான் கைநாட்டு வைப்பதில்லை.

கேட்கத் தெரியவில்லை, மனசு கல்லாகக் கிடக்கிறது என்று ஒதுங்கி இருப்பவர்களே, அப்படியே வாருங்கள். ஒன்றும் சொல்லாமல் அவள் முன்னால் நில்லுங்கள். எனக்கு வேண்டிய வார்த்தையை அவள்தான் கொடுத்தாள்.