எதிர்ப்புக்கான காரணம்

மைக்செட் என்றால் அந்தச் சுரங்க ஊரில் எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கோபம் வந்தால் மனைவிகூட, "உங்க மைக்செட்டைக் கொஞ்சம் ஆஃப் பண்றீங்களா?" என்றுதான் கேட்பாள். வேலை அப்படி. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் பாறையை வெடி வைத்துத்தான் உடைப்பார்கள். வெடிக்கு முன்னால் சைரன் ஊதும். ஆனால் சைரனை மட்டும் நம்பிவிடக்கூடாது, ஓர் ஆள் பள்ளத்தின் விளிம்பில் நின்று மூன்று முறை வாயால் கத்தவும் வேண்டும் என்று விதி. இருபத்தாறு வருஷமாக அந்த ஆள் இவர்தான். "வெடீ..." என்று இவர் இழுத்தால், லாரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குறட்டை விடும் டிரைவர்கூட விழுந்தடித்துக்கொண்டு ஓடுவான். இத்தனை வருஷத்தில் வெடியால் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை, நியாயமான பெருமைதான். அதை வேலை முடிந்ததும் பள்ளத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவருடைய தங்கையைக் கட்டியவர் அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். அண்ணனுக்கு எவ்வளவு சத்தமோ, தங்கை புருஷனுக்கு அவ்வளவு சன்னக் குரல். மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று அவர் சொல்வதைக் கேட்க ஆட்கள் கவுன்டர் மேல் பாதி ஏறி நிற்பார்கள். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும். சாப்பாடு முடிந்து கை காய்வதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும்.

"மச்சான், கரி இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் வரும். அதுக்கு அப்புறம் தோண்டுற செலவுக்குக்கூட கட்டாதுன்னு கம்பெனி அறிக்கையிலேயே போட்டிருக்கான். அதுக்குள்ள காத்தாலை, சூரிய மின்சாரம்னு எல்லா இடமும் மாறிடும். நாம என்ன பண்ணப்போறோம்?"

"மாப்பிள்ளை, பொழுது சாய்ஞ்சப்புறம் உங்க சூரியன் எங்கே போவான்? விளக்கு எரியறது எங்க கரியில. இந்த ஊர்ல தையல்காரன், லேத் பட்டறை, பள்ளிக்கூட வேன், உங்க கடை எல்லாம் ஓடுறது யாரால? சுரங்கம் மூடினா உங்க கல்லாவும் மூடும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"என்னத்தைச் சொல்றீங்க? மூடணும்னுதானே சொல்றீங்க?"

மாப்பிள்ளை ஏதோ பதில் சொல்வார். அதற்குள் மைக்செட்டின் குரல் வீட்டை நிரப்பிவிடும். பதில் என்னவாக இருக்கும் என்று தனக்கு முன்கூட்டியே தெரியும் என்று அவர் நினைத்திருந்தார். பத்து வருஷமாக ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டால் இப்படி ஒரு திமிர் வந்துவிடுகிறது.

சுரங்கத்தைப் படிப்படியாகக் குறைத்து மூடும் திட்டம் ஒன்றை அரசாங்கம் அறிவித்தது. அதைச் செயல்படுத்தும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க நகராட்சி மண்டபத்தில் ஒரு கூட்டம். பேச நினைப்பவர்கள் முதலிலேயே ஒரு சீட்டில் பொருளை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அங்கே பேசப்படும் கோரிக்கைகள் மட்டும்தான் திட்டத்தில் சேரும், பின்னால் வந்து அழுது பிரயோஜனமில்லை என்று அதிகாரி மைக்கில் தெளிவாகவே சொன்னார். தொழிலாளர்கள் பக்கத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. தொழிற்சங்கச் செயலாளர் மைக்செட்டின் தோளில் கை போட்டு, "மூடணும்ங்கிற பக்கத்து ஆளு எவன் எழுந்தாலும் விடாதண்ணே. நீ ஆரம்பிச்சு வை, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லியிருந்தார்.

பதினான்காவதாக எழுந்தவர் மாப்பிள்ளை.

கையில் நான்கு பக்கத் தாள். இஸ்திரி போட்ட சட்டை. மைக்கின் உயரத்தைச் சரிசெய்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

"உக்காருடா!" என்று பின் வரிசையிலிருந்து மைக்செட் எழுந்தார். அதுவரை மாப்பிள்ளையை அவர் டா போட்டுப் பேசியதே இல்லை. "மாத்திரை விக்கிறவனுக்குச் சுரங்கத்துல என்ன வேலை? நாங்க இருமினாத்தானே உன் கடை ஓடுது! உக்காரு!"

மண்டபமே சிரித்தது. முந்நூறு பேர் மேஜையைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள், "உக்காரு, உக்காரு" என்று கை தட்டிக் கத்தினார்கள். மாப்பிள்ளை சிறிது நேரம் நின்று பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பக்கத்தில் இருந்த தங்கை தலையை நிமிர்த்தவே இல்லை. மைக்செட் அதைப் பார்த்தார். பார்த்தும், அடுத்த ஆள் எழுந்ததும் திரும்பக் கத்தினார்.

ஒரு வாரம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். கேன்டீனில் யாராவது இருமினால் போதும், "மருந்துக்கடைக்கு வியாபாரம் டோய்" என்று ஒருத்தன் குரல் கொடுப்பான், எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த இரண்டு ஞாயிறும் தங்கை வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையாம் என்று மனைவி சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் கூட்டத்தின் அறிக்கை வந்தது. சங்க அலுவலகத்தில் செயலாளர் உரக்கப் படித்துக்கொண்டு வந்தவர், பதினான்காவது பத்தியில் இழுத்தார். "பொருள்: சுரங்கம் குறைக்கப்படும்போது தொழிலாளர்களுக்கு வேறு தொழிலில் பயிற்சியும், பயிற்சி முடியும்வரை முழுச் சம்பளமும் கோருதல். கூடியிருந்த தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால் பேசப்படவில்லை. எனவே பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை."

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"நமக்குச் சம்பளம் குடுன்னு கேட்டதை நாமளே வேணாம்னு சொன்னோமா?" என்றான் ஒரு கிரேன் டிரைவர். "எந்த மடையன்டா..." என்று ஆரம்பித்தவனுக்கு நினைவு வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

செயலாளர் அறிக்கையை மூடினார். "அதிகாரி திரிச்சு எழுதிட்டான்னு சொல்லிடலாம். யாரு போய் விசாரிக்கப்போறா? அண்ணே, நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. எல்லாரும்தானே கத்தினோம்."

மைக்செட் தலையை ஆட்டினார். எல்லோரும்தான் கத்தினார்கள், உண்மை. ஆனால் அந்தச் சிரிப்பை மூட்டிவிட்டது யார்? வீட்டுக்கு நடந்து போகும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி. கத்துவதைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? அவருக்கே இப்படி என்றால், போன வருஷம் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் பண்ணி, வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்கும் கிரேன் டிரைவருக்கு? இத்தனை பேர் சாப்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, அதற்குக் கைதட்டும் வாங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது காது மடல்வரை எரிந்தது. அறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் மருந்துக்கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். அவர் வரிசையில் கடைசியாகப் போய் நின்றார். அவர் முறை வந்ததும் மாப்பிள்ளை மற்றவர்களிடம் கேட்பதைப் போலவே, "என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தார்.

"அறிக்கை பார்த்தீங்களா?" என்று மாப்பிள்ளையே கேட்டார்.

"பார்த்தேன். அதைத் திருத்த வழி ஏதாவது இருக்கா?"

"இருக்கு. கூட்டம் முடிஞ்ச அன்னிக்கே போய் விசாரிச்சுட்டேன். நான் எழுதிக் கொடுத்தா செல்லாது. எதிர்த்த ஆளே எதிர்ப்பை வாபஸ் வாங்குறேன்னு கையெழுத்துப் போடணும். கூட்டத்துலேர்ந்து முப்பது நாள் டைம். அதை ஒரு வாரம் சுரங்க வாசல்ல ஒட்டி வைப்பாங்க. வேற யாரும் மறுப்புச் சொல்லலைன்னா என் கோரிக்கையைச் சேர்த்துப்பாங்க."

"அன்னிக்கே தெரியும்னா, ஏன் என்கிட்ட வந்து சொல்லலை?"

மாப்பிள்ளை மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, கோபம் துளியும் இல்லாத அதே சன்னக் குரலில் சொன்னார். "எப்படிச் சொல்றது மச்சான்? உக்காருன்னீங்க. உக்காந்துட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. திட்டுக்குப் பதில் திட்டு அவருக்குத் தெரியும். உள்ளே திரைக்குப் பின்னால் தங்கை நிற்பது தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை.

இன்னும் எட்டு நாள் பாக்கி இருந்தது. அதில் ஐந்து நாளை அவர் சும்மாவே கழித்தார். செயலாளரின் பொய் ஊர் முழுக்க நன்றாகவே போணியாகியிருந்தது. அதிகாரிதான் அயோக்கியன் என்று டீக்கடையில் சத்தியம் பண்ணினார்கள். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் போதும், மரியாதைக்குப் பங்கமில்லை. ஆனால் அவர் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் முந்நூறு குடும்பத்தின் சம்பளத்தைத் தின்றுகொண்டிருந்தது. அவரும் டீயைக் குடித்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி தட்டைக் கொஞ்சம் ஓசையாக வைத்தாள்.

ஆறாம் நாள், கூட்டம் நடத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா பெண் வாபஸ் படிவம் ஒன்றைக் கொடுத்தாள். அதில் 'எதிர்ப்புக்கான காரணம்' என்று ஓர் இடம் இருந்தது.

"இதை விட்டுடலாமாம்மா?"

"இல்லை சார், காரணம் இல்லாம வாங்க மாட்டாங்க. கோரிக்கையில என்ன தப்புன்னு எதிர்த்தீங்களோ, அதை எழுதுங்க."

"அதுல ஒரு தப்பும் இல்லையேம்மா."

"அப்போ எதுக்கு சார் எதிர்த்தீங்க?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் யோசித்து, கோழிக் கிறுக்கலில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார். அவள் படித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவர் வாசலுக்கு வந்தபோது தாளை ஒட்டிவிட்டிருந்தார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் யாரும் அதை இன்னும் சட்டை செய்யவில்லை. அறிவிப்புப் பலகையில் எத்தனையோ தாள்கள். தலையைக் குனிந்துகொண்டு நழுவிவிடலாம் என்று அவர் கால் வைத்த நேரம், பம்ப் ஆபரேட்டர் கையைப் பிடித்தார். அந்தப் பெரியவர் ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம்தான்.

"தம்பி, புதுசா என்னமோ ஒட்டியிருக்கான். கண்ணாடியை வீட்லயே வச்சுட்டேன். என்னன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

"ஒண்ணுமில்லண்ணே, ஏதோ ஆபீஸ் சமாச்சாரம்."

"பரவாயில்ல, படி."

அவர் படித்தார். பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கும் அளவுக்குத்தான் குரல் வந்தது.

"கீழே கையெழுத்திட்டுள்ள நான், தொழிலாளர்களுக்கான பயிற்சி, சம்பளக் கோரிக்கையைக் கூட்டத்தில் பேசவிடாமல் தடுத்தேன். எதிர்ப்புக்கான காரணம்: அவர் என்ன பேசப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நினைக்கவில்லை. பேசுவது யார் என்று பார்த்தேன், கத்தினேன். என் எதிர்ப்பை வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்."

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதாண்ணே."

பம்ப் ஆபரேட்டர் பிடித்த கையை விடவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களும் உள்ளே போக வந்தவர்களுமாகப் பின்னால் நாற்பது ஐம்பது பேர் நின்றுவிட்டிருந்தார்கள். அதில் கிரேன் டிரைவரும் இருந்தான். "என்னண்ணே, என்ன போட்டிருக்கான்?" என்று யாரோ கேட்டார்கள்.

"எனக்குக் கேட்டுடுச்சு தம்பி" என்றார் பம்ப் ஆபரேட்டர். "அவங்களுக்கும் கேக்கணும்ல. முதல்லேர்ந்து படி."

மைக்செட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து திரும்பப் படிக்க ஆரம்பித்தார்.