மட்டக்கோலின் வலது முழங்கை

கொத்தனாருக்கு மட்டக்கோல் என்று பட்டப்பெயர். அவர் பூசின சுவரில் மட்டம் பார்க்கிற அந்தக் கோலை வைத்தால் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. அப்பேர்ப்பட்ட மனுஷருக்குக் பூச்சுக் கரணை பிடிக்கிற கையின் முழங்கையில் வலி வந்து, ஒரு வருஷமாகியும் போகவில்லை. மாத்திரை, முழங்கைப் பட்டை, பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. டீ டம்ளரைத் தூக்கினாலே உயிர் போனது.

"இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேரு," என்றார் டாக்டர்.

"அந்தப் பந்தை நான் கண்ணால கூடப் பார்த்ததில்லையே, டாக்டர்!"

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஊசி போட்டால் சில நாளில் வலி அடங்கும், ஆனால் திரும்பி வரலாம். ஆபரேஷன் என்றால் கெட்டுப்போன தசைநாரை எடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் குணமாகும், ஆனால் மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது.

"ஊசின்னா விரிசல் மேல பூசி மெழுகறது. ஆபரேஷன்னா கொத்தி எடுத்துட்டுப் பூசறது. அவ்வளவுதானே?"

புரியத்தான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? வீட்டில் மனைவி பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷம். தினமும் காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி, தெரு தெரியும் ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைப்பது அவர்தான். "மூணு மாசம் அக்காவை நான் வெச்சுப் பார்த்துக்கறேன் மாமா, நீங்க கையைப் பாருங்க," என்று மச்சினி கெஞ்சினாள். "என் பொண்டாட்டியைத் தூக்க எனக்குத் தெரியும்," என்று முறுக்கிக்கொண்டார். வீம்பு, வேறென்ன!

ஊசி போட்டு, இரண்டு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். மூன்றாம் நாளே வலி போன இடம் தெரியவில்லை. பூசின சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் விடாமல் ஆணி அடிக்கிற வீட்டுக்காரரைக் கிழிகிழியென்று கிழிக்கிற ஆள், நான்காம் நாள் சாரத்தில் ஏறிவிட்டார். இரண்டே மாதத்தில் வலி முன்னைவிட மோசமாக வந்தது. இன்னொரு ஊசி. மூன்றாவது கேட்டபோது டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"இனி போட்டா நாரே அறுந்துடும். ஆபரேஷன்தான்."

"டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்று வீட்டில் கேட்டாள் மனைவி.

"எல்லாம் சரியாயிடுச்சாம்."

பாவி மனுஷன், அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுவாரம் ஒரு காலையில் அவளைத் தூக்கினார். பாதி வழியில் முழங்கையில் சுரீரென்றது, பிடி விட்டுப்போனது. விழுந்தவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. தரையில் கிடந்தபடி அவள் கேட்டது ஒன்றுதான். "கை ரொம்ப வலிக்குதாங்க?"

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் மச்சினிதான் அவரை இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்யவைத்தாள். மூன்று மாதம் கழித்து, டாக்டர் தன் அறையிலிருந்த மர நாற்காலியைக் காட்டித் தூக்கச் சொன்னார். அந்த வலது கையாலேயே தூக்கினார். தூக்கினவர் கீழே வைக்காமல் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

டாக்டர் பதறிப்போனார். "என்னய்யா, வலிக்குதா?"

"இல்லையே டாக்டர், கொஞ்சம்கூட வலிக்கலையே!"